நீலமாகாத தக்காளி

காகிதப் பட்டை வெள்ளையாகவே இருந்தது.

வேதியியலாளர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பின்னால் மாமியார், பரீட்சை முடிவு கேட்க வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"நீலம் வந்துச்சா மாப்ள?"

"வரும் அத்தை. கொஞ்சம் நேரமாகும்."

நேரமானது. நீலம் வரவில்லை.

அந்தப் பட்டை அவருடைய பல வருட உழைப்பு. அதில் ஒரு நொதி தடவியிருக்கும். காய்கறிச் சாறு ஒரு சொட்டு விட்டால் நொதி வேலை செய்து பட்டையை நீலமாக்கும். சாற்றில் பூச்சிமருந்து கலந்திருந்தால் நொதி மயங்கிவிடும், நிறம் வராது. நீலம் என்றால் சாப்பிடலாம், வெள்ளை என்றால் கூடாது. இவ்வளவு நேர்மையான ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் மருந்து பட்ட காய் ஒன்றும் படாத காய் ஒன்றும் வைத்துக் காட்ட வேண்டும். பட்டை தேறினால் ஆராய்ச்சி தொடரும். தேறாவிட்டால் அவர் பழையபடி சோப்புத்தூள் தொழிற்சாலைக்குப் போய் நுரையின் உயரத்தை அளக்க வேண்டும். மருந்து படாத காய்க்கு ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை என்றுதான் மாமியாரின் மாடித்தோட்டத்திலிருந்து ஒரு தக்காளி கேட்டார்.

அந்தத் தோட்டம் மாமியாரின் உயிர். முதுகுவலியால் அவரால் குனிய முடியாது. காலையில் மாடிக்கு வந்து, "அது, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது" என்று கை காட்டுவார். மாமனார் பறித்துக் கூடையில் போடுவார். ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை என்பதைத் தெருவில் எல்லோரும் குறைந்தது இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள்.

"ஏன் மாப்ள பேசாம இருக்கீங்க?"

"பட்டை பழசு அத்தை. கெட்டுப்போச்சு."

பொய்தான். ஆனால் மாமியாரின் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்" என்று மிச்சத் தக்காளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை துறைத்தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க பட்டை கெட்டுப்போச்சாமே?"

"யார் சார் சொன்னாங்க?"

"என் வீட்டம்மா. உங்க மாமியாரும் அவங்களும் சேர்ந்துதானே நடக்கப் போறாங்க."

"அது பழைய பட்டை சார். புதுசு நல்லா இருக்கு."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்த மாடித்தோட்டத்துத் தக்காளியையே குழு முன்னாடி வைங்க. மருந்தே அடிக்காத தோட்டமாமே. வீட்டுத் தோட்டம்னா அவங்களுக்கும் கேக்க நல்லாயிருக்கும். நான் இப்பவே சொல்லிடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வேதியியலாளர் வாயைத் திறந்தபோது தலைவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

வேதியியலாளர் புதுப் பட்டைகள் செய்தார். குழாய்த் தண்ணீர் நீலம். காய்ச்சி வடித்த தண்ணீர் நீலம். பூச்சிமருந்தை வேண்டுமென்றே கலந்த தண்ணீர் வெள்ளை. எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு மாமியாரின் தக்காளி. வெள்ளை. இன்னொரு தக்காளி. வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு மரியாதைக்குறைவு இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"உங்கம்மா செடிக்கு மருந்து அடிக்கிறாங்களா?"

"எங்கம்மாவா? கொசுவுக்கே அடிக்க விடமாட்டாங்க. ஏங்க, யாரு அடிச்ச மருந்துன்னு உங்க பட்டை சொல்லாதா?"

"சொல்லாது. இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப அது எங்க பெரியம்மா மாதிரி. பத்த வச்சுட்டுப் பேசாம உக்காந்துக்கும்."

மனைவி மாடியைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஒரு மண்வெட்டியும் இரண்டு காலித் தொட்டிகளும் கிடைத்தன. மருந்து இல்லை. அப்படியென்றால் காற்றில் வருகிறது என்று வேதியியலாளர் முடிவு செய்தார். பக்கத்து மாடியில் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் ரோஜா வளர்த்தார். வேதியியலாளர் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, மிக நாசூக்காகப் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், நீங்க ரோஜாவுக்கு ஏதாவது தெளிக்கும்போது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்பீங்களா?"

"பூண்டுத் தண்ணி தெளிக்கிறேன். அதுக்கு எதுக்குக் காத்தப் பாக்கணும்?"

"வேற ஒண்ணும் தெளிக்கிறதில்லையே?"

பயிற்சியாளருக்கு நாசூக்கு பிடிபட நேரமாகவில்லை. நீச்சல்குளத்தின் மறுகரை வரைக்கும் கேட்டுப் பழகிய குரலில் கீழே பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்மா, உங்க தக்காளில விஷம் இருக்காமே. நான்தான் வச்சேன்னு உங்க மாப்ள சொல்றாரு."

அன்று இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ளைக்குத் தக்காளி போட்டத வைக்காதே. அவருக்கு ஏதாவது ஆயிட்டா நான்தான் வச்சேன்னு பேராகும்."

"அத்தை, நான் உங்களச் சொல்லல."

"நீங்க சொல்லலே. பட்டை சொல்லுது." தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "வியாழக்கிழமை நானும் வர்றேன். என் கூடையோட வர்றேன். அந்தக் குழு முன்னாடி ஒரு தக்காளியக் கடிச்சுத் தின்னு காட்டறேன். செத்தா பட்டை ஜெயிச்சுது. சாகலேன்னா தோட்டம் ஜெயிச்சுது."

"இது உடனே தெரியிற விஷம் இல்ல அத்தை."

"எவ்வளவு நாளாகும்?"

"வருஷக்கணக்காகும்."

"அதுவரைக்கும் அவங்க உக்காந்திருக்கட்டும்."

மாமனார் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்போது மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ இந்த ஒரு தோட்டத்தை வச்சுத்தான் சந்தோஷமா இருக்கா, மாப்ள. நீங்க படிச்சவரு. பட்டைய விட்டுட்டு வேற ஏதாவது கண்டுபிடிக்கக் கூடாதா? மழை வருமா வராதான்னு சொல்ற மாதிரி. அதுல யாரு மனசும் நோகாது."

வேதியியலாளருக்கு அன்று தூக்கம் வரவில்லை. பட்டை உண்மையைச் சொன்னால் மாமியார் அவமானப்படுவார். குழு மாமியாரை நம்பினால் பட்டை பொய்யாகிவிடும். இரண்டு பேரும் ஜெயிக்க வேண்டுமானால் கூடைக்குள் இருக்கும் தக்காளிகள் நீலமாகும் தக்காளிகளாக இருக்க வேண்டும். அவற்றை யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு விஞ்ஞானி செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் ஒரு மருமகன் செய்யலாம் என்று அவருக்குப் பட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும், பட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போனார். அந்தத் தெருவே அங்கேதான் காய் வாங்கும். கடைக்காரர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்து அடிக்காத தக்காளி இருக்கா?"

"அந்தக் கடைசிப் பெட்டி சார். விலை கொஞ்சம் கூட. யாரும் தொட மாட்டாங்க."

வேதியியலாளர் வெங்காய மூட்டைக்கு மறைவில் உட்கார்ந்து ஒரு தக்காளியை அழுத்தி, பட்டையில் ஒரு சொட்டு விட்டார். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"நீங்க பச்சை கேட் வீட்டு மாப்பிள்ளைதானே? நாட்டு வைத்தியமா சார்?"

"இல்ல. வேதியியல்."

"எதுக்கும் காசு குடுத்துட்டுப் பிழிங்க."

பட்டையின் ஓரத்தில் முதலில் ஒரு சந்தேகம்போல நிறம் வந்தது. பிறகு அது பரவி முழுதும் நீலமானது. அவ்வளவு அழகான நீலத்தை அவர் ஆய்வுக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. பட்டை பிழைத்துவிட்டது. மாமியார் பிழைத்துவிட்டார். சோப்பு நுரை அவருடைய வாழ்க்கையிலிருந்து நிரந்தரமாக விலகிப் போனது.

"இதுலயே ஒரு கிலோ குடுங்க. இப்பதான் செடியிலேர்ந்து பறிச்ச மாதிரி இருக்கணும். காம்போட இருக்கிறதாப் பாத்துப் போடுங்க."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"காம்போட வேணும்னா இதுல கிடைக்காது சார், சாதாரணப் பெட்டிலதான் இருக்கும், உங்க மாமனாரும் தினம் அதுலதான் பொறுக்குவாரு, காம்பு நீளமா இருந்தாத்தான் செடியில கட்ட வருதாம்."