நகராத வண்டி குறித்த அறிக்கை

பொதுமக்கள் நலன் கருதியோ இல்லையோ, என் இடது முழங்காலின் நலன் கருதி சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆட்டோமேட்டிக் கார் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சிநேகா வாங்கித் தந்தாள். கிளட்ச் கிடையாது. ஆர்.எஸ்.மங்கலத்தில் எங்கள் தெருவில் இப்போது கிளட்ச் மிதிக்கிறவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நிறுத்தினால் ‘பி’, ஓட்டினால் ‘டி’, பின்னால் வர ‘ஆர்’. முப்பத்திரண்டு வருட அரசுப் பணியில் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது முதல் நிலைதான்.

புதுக் காருக்குள் நாங்கள் செருப்போடு உட்காருவதில்லை. ஏறியதும் கழற்றிக் காலடியில் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பக்தியாக ஓட்டுவோம். சாலையில் எதிரே வருகிறவனுக்கு இல்லாத மரியாதை காருக்கு உண்டு.

என் அலுவலகம் எந்தத் துறை என்று சொல்ல வேண்டியதில்லை. மனு வாங்குகிற துறை. நான் அங்கே கண்காணிப்பாளர். ஊர் வாயில் சூப்பிரண்டு. வளாகத்துக்கு வாசல் ஒன்று, உள்ளே வேப்பமரம் ஒன்று. மரத்து நிழலில் ஒன்பது வருடமாக ஏலத்துக்குக் காத்திருக்கும் ஜீப் நிற்கிறது. ஆகவே சாப்பாட்டுக்குப் போய்விட்டு இரண்டே முக்காலுக்குத் திரும்பிய நான், நிழலுக்காக வாசல் வளைவின் அடியிலேயே நிறுத்தி, ‘பி’யில் போட்டு, எஞ்சினை அணைத்து, போனில் நிம்மதியாகப் பேசினேன். பேசி முடித்துக் கிளப்பலாமென்று மிதித்தால் பிரேக் கல்லு மாதிரி நின்றது. கியர் அசையவில்லை. சிநேகாவைப் போனில் கூப்பிட்டேன்.

“பிரேக்க நல்லா மிதிச்சாத்தான் கியர் விடும்ய்யா.”

“மிதிச்சுட்டேன் தாயி. எறங்க மாட்டேங்குது.”

“அப்ப மதுரையிலேருந்துதான் ஆள் வரணும். நாளைக்கு ஆகும்.”

எதிரே, வளாகத்துக்குள்ளிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்தது. காரங்காட்டில் நண்டு எடுத்து ராமநாதபுரம் கம்பெனிக்குக் கொண்டுபோகிற வியாபாரி பாக்கர். ஐஸ் போட்ட நண்டோடு, என் ஒரு கையெழுத்துக்காகப் பன்னிரண்டு மணியிலிருந்து உள்ளே நின்றார்.

“சார், கொஞ்சம் எடுத்தீகன்னா நான் போயிருவேன். கையெழுத்த நாளைக்கி வாங்கிக்கிறேன். அஞ்சு மணிக்கு மேல கம்பெனியில சரக்க உள்ள விட மாட்டாக.”

“எடுக்க முடியல பாய். பூட்டிக்கிருச்சு.”

“சின்ன வண்டிதானே. நாலு பேரு சேந்து தூக்கி அங்கிட்டு வச்சிருவோம்.”

மனுவோடு நின்றவர்கள் வேட்டியை மடித்துக்கட்டினார்கள். அப்போது என் பிரிவு உதவியாளர் பூமயில் படியிறங்கி வந்தார்.

“யாரும் தொடாதீக. வளாகத்துல நிக்கிற எந்த வண்டியையும் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாம நகட்டக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு.”

“யாரும்மா அனுமதி கொடுக்கணும்?” என்றார் பாக்கர்.

“சூப்பிரண்டு சார்.”

“சாரு இங்கனதானே நிக்கிறாக?”

“தன் வண்டிக்குத் தானே எப்படி அனுமதி கொடுப்பாக? நாளைக்கி ஒரு பேச்சு வந்துரும்ல?”

அந்தச் சர்க்குலரை எழுதியவன் நான். என் மொபெட்டை யாரோ வெயிலுக்குத் தள்ளிவைத்த கோபத்தில் எழுதியது. கோபத்தில் எழுதினாலும் ஓட்டையில்லாமல் எழுதியிருந்தேன்.

மூன்று ஐந்துக்கு மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “மேற்படி வாகனம் நிறுத்த நிலையில் நிலைபெற்று, எவ்வித மனித முயற்சிக்கும் இணங்காமையால், நகர இயலாத தன்மையை எய்தியுள்ளது என்பதை நேரில் ஆய்வு செய்து பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” நான் மிதித்ததைத் தவிர எந்த மனித முயற்சியும் அதுவரை நடக்கவில்லை. ஆனால் வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது. அழகான வாக்கியத்தை அடிக்க எனக்கு எப்போதுமே மனசு வந்ததில்லை.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. என் சர்வீஸில் அப்படியொரு வேகத்தைக் கண்டதில்லை. “நாளை முற்பகல் 11 மணிக்குக் கூட்டாய்வு. அதுவரை தற்போதைய நிலை பேணப்பட வேண்டும்.”

மூன்றே முக்காலுக்கெல்லாம் வேனின் அடியில் ஐஸ்தண்ணீர் சொட்டி மண்ணில் ஓடியது. பாக்கர் அதைப் பார்த்தார். பிறகு நேரே என் காருக்கு வந்தார்.

“கதவத் திறங்க சார். ஒரு வாட்டி நானும் பாத்துர்றேன்.”

குனிந்து, வலையில் சிக்கிய நண்டைத் துழாவுகிற மாதிரி கையை உள்ளே விட்டார். பிரேக்குக்குப் பின்னாலிருந்து என் இடது செருப்பு வெளியே வந்தது.

“இது என்ன சார்?”

நான் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி மிதித்தேன். பிரேக் இறங்கியது. கியர் வெண்ணெயில் கத்திபோலப் போனது. மனு கொடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மணி நாலு.

“அல்ஹம்துலில்லாஹ்! இப்பக் கெளம்புனாக் கூடப் போய்ச் சேந்துருவேன். பின்னால எடுங்க சார்!”

கால் பிரேக்கில் இருந்தது. கை கியரில் இருந்தது. பத்தடி பின்னால் போனால் போதும். அப்போதுதான் அந்த அழகான வாக்கியம் நினைவுக்கு வந்தது. ‘நேரில் ஆய்வு செய்து.’ இந்த வண்டி நகர்ந்தால் என் அறிக்கை பொய். பொய் அறிக்கைக்கு மெமோ. ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருக்கிறது.

மறுபடி ‘பி’யில் போட்டு, எஞ்சினை அணைத்தேன்.

“ஏன் சார்?”

“அறிக்கை போயிருச்சு பாய்.”

“செருப்பு கெடைச்சிருச்சுன்னு இன்னொன்னு அனுப்புங்க!”

“செருப்பக்கூடப் பாக்காம என்னத்த ஆய்வு பண்ணுனன்னு கேப்பாக. மெமோ வரும்.”

நியாயம் கேட்க யாராவது வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மனசின் ஒரு மூலையில் அதை வேண்டவும் செய்தேன். சண்முகவள்ளி வாய் திறந்தார். ஒரு மனுவுக்காக ஆறு மாதமாக எங்களைச் சபித்துக்கொண்டு வந்துபோகிறவர்.

“சாரு சொல்றதும் ஞாயந்தானப்பா. பென்சன் வாங்கப் போற ஆளுக்கு மெமோ வந்தா வெளையாட்டா?”

கூட்டம் தலையாட்டியது. பூமயில் இன்னும் ஒரு படி மேலே போனார். “அந்தச் செருப்ப எடுத்த எடத்துலயே வச்சிருங்க சார். தற்போதைய நிலைன்னு போட்ருக்காகல்ல?”

வைத்தேன். எந்தப் பக்கம் குதிகால் இருந்தது என்று பாக்கரிடமே கேட்டுச் சரியாக வைத்தேன்.

ஐந்து மணிக்கு பாக்கர் வேனின் பின்கதவைத் திறந்தார். சத்தம் போடுவார் என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஐஸு போச்சு. இனி கம்பெனிக்கு ஆகாது. கெட்டுப் போறதுக்குள்ள ஆளுக்குக் கொஞ்சம் கொண்டு போங்க.”

பூமயில் டோக்கன் கிழித்தார். கூட்டம் வரிசையில் நின்றது. யாரும் முந்தவில்லை, யாரையும் நாளைக்கு வரச் சொல்லவில்லை, இருபது நிமிடத்தில் அத்தனை பேருக்கும் கிடைத்தது. எங்கள் வளாகத்தில் விண்ணப்பித்த அன்றே அனைவரும் பயன்பெற்றது அதுதான் முதல் தடவை. ஆறு மாதச் சாபத்தை மறந்து சண்முகவள்ளி எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நான் கடைசியில் நின்றேன். அதிகாரி கடைசியில் நிற்கிறானே என்று யாராவது கவனிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது பாக்கர் பெட்டியின் அடியில் கையைவிட்டுத் தேடினார்.

“சாருக்குப் பெருசாப் பாத்துப் போடுறேன்.”

கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நாளைக்கும் அவர் என்னிடம்தான் வர வேண்டும்.

நான் பையை அகலமாக விரித்துப் பிடித்தேன்.