மனம் கோணாமல் கட்டிய மாப்பிள்ளை அறை

வீடு கட்டக் கற்றுக்கொடுக்கும் படிப்பில் ஒரு பெரிய குறை. வீட்டுக்காரர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. வைத்திருந்தால் நான் அதை இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆர்க்கிடெக்ட் ஆன முதல் ஆள் நான். (யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) முதல் வேலையைக் கொடுத்தவர் யட்டியாந்தோட்டை பஜாரில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஹாஜியார். அறுபதுகளில் யாரோ ஒரு மேதை கட்டிய பங்களாவை அவர் வாங்கியிருந்தார். தட்டைக் கூரை, மினுக்கிய சிமெந்துத் தரை, வானம் பார்த்த முற்றம், அதில் பெயர்க்காமல் விட்ட பெரிய பாறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாஜியாருக்கோ வேறு கவலை.

"தம்பி, எனக்கு ஒரே மகள். கலியாணம் முடிச்சா மாப்பிள்ள எங்கட ஊட்டுக்கு வாறதுதான் வழக்கம். இவரு கொழும்பு. ரூம் புடிக்கல்லன்னு மகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா நாங்க ரெண்டு பேரும் தனிச்சுப் போயிடுவோம். ஸோக்கா ஒரு ரூம் கட்டித் தாங்க."

பழைய வீட்டின் மனம் கோணாமல் கட்டுகிறேன் என்றேன். அவர் மனைவி தரைக்கு டைல்ஸ் கேட்டார்; மறுத்தேன். தங்க நிறத்தில் தூண் கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுத்தேன். புது அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். அதற்குப் போகும் வழிக்கு ஒரு கூரையாவது போடச் சொன்னார்.

"மழ பேஞ்சா எப்பிடித் தம்பி போறது?"

"புதுசு பழசத் தொடவே கூடாதுங்க. நடுவுல வானம் இருக்கணும்."

"வானம் வெளியில ஈக்குதுதானே?"

சிரித்துவைத்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.) பாறையின் பாசியையும் சுற்றியுள்ள புல்லையும் யாரும் தொடக்கூடாதென்று கட்டளை வேறு.

கலியாணத்தன்று மழை. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் எங்கள் சபரகமுவையில் மழை பெய்ததை எதிர்பாராத சம்பவம் என்று எந்த முகத்தோடு சொல்வது? மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டும் கால்சட்டையுமாக வந்திறங்கினார். பெண்ணுக்குத் தம்பி முறையுள்ளவர் வாசலில் அவர் காலைப் பன்னீரால் கழுவி, துடைத்து, வழக்கப்படி மோதிரமும் வாங்கிக்கொண்டார். நிக்காஹ் முடிந்ததும் அந்தக் கழுவிய காலோடு மாப்பிள்ளையை முற்றம் வழியே அழைத்துப் போனார்கள். நாலு பேர் அவர் தலைக்குமேல் பாயை விரித்துப் பிடித்தார்கள். பாசியில் ஒருவர் வழுக்க, பாய் சரிய, அதில் தேங்கிய தண்ணீரெல்லாம் மாப்பிள்ளை தலையில். எப்படியோ அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர் "ஆ!" என்று குதித்தார். கணுக்காலில், புல்லிலிருந்து ஏறிய இரண்டு இரத்த அட்டைகள், எல்லோருக்கும் முன்னால் கலியாணச் சாப்பாட்டைத் தொடங்கியிருந்தன. வெள்ளைக் கால்சட்டை சிவந்துபோயிற்று.

மாப்பிள்ளையின் உம்மா கொதித்துவிட்டார். "என்ட மகனக் காட்டுலயா குடிவெக்கப் போறீங்க? ரெண்டு பேரையும் இப்பவே கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்!"

ஹாஜியார் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "தம்பி, என்ட புள்ள போயிடுவா போல ஈக்குதே" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு.

பின்பக்கம் ஓடினேன். பிரியாணி வேகும் கொட்டகையின் தகரங்களைப் பிடுங்கினேன். (சமையல்காரர் என்னைப்பற்றிச் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.) ஏணி போட்டு ஏறி, மேதை கட்டிய சுவரில் என் கையாலேயே ஆணியடித்து, வழி நெடுகத் தகரம் போட்டேன். கீழே பலகையும் விரித்தேன். மணப்பெண் எட்டிப்பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் உம்மாவிடம் சொன்னாள்:

"மாமி, இப்ப நனையாது. நான் இங்கதான் ஈப்பேன்."

மாப்பிள்ளை காலைச் சொறிந்துகொண்டே தலையாட்டினார்.

மழை விட்டதும் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஹாஜியார் இன்றுவரை கழற்ற விடவில்லை. போன வருஷம், நான் பாடம் நடத்தும் கட்டடக்கலை மாணவர்களை அந்த வீட்டுக்கு நானே அழைத்துப் போனேன். ஒரு பிள்ளை கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டாள்:

"சேர், இவ்வளவு அருமையான வீட்ட இப்படி நாசமாக்கினது யாரு?"

நான் பாறையை ஆராயத் தொடங்கினேன். இடுப்பில் பேத்தியோடு ஹாஜியார் முன்னால் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இந்தத் தம்பிதான்!"