இரண்டாவது இணைப்பில் ஒரு வாஷர்

பெருமதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லக் குரல் வரவில்லை, அதனால்தான் கூரியர். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் மகள் ஆராய்ச்சி செய்யும் லேபில் பன்னிரண்டு மீட்டர் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ஆறு துண்டுகளாக வந்ததை இணைத்த ஃபிட்டர் நான்தான். உள்ளே தண்ணீர் ஓடும். நடுவில் நூல் மாதிரி நீல மை போகும். மெதுவாக விட்டால் நூல் நேராகப் போகும், வேகம் கூடினால் நடுங்கிக் கலைந்து குழாய் முழுக்கக் குழம்பிவிடும். எப்போது குழம்பும் என்று முன்கூட்டியே சொல்ல மூன்று வருஷமாக அவள் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்கிறாள். யாரும் சீண்டாவிட்டால், அவள் இப்போது தண்ணீர் விடும் வேகத்தில் கலையவே கலையாது என்கிறது அது. என் குழாயில் தினமும் கலைகிறது, அதுவும் இரண்டாவது இணைப்பைத் தாண்டியதும். எது சீண்டுகிறது என்று முதலில் கதவைச் சந்தேகப்பட்டாள், பிறகு லிஃப்டை, பிறகு என் இருமலை. லிஃப்டை நிறுத்தியதில் மேல்மாடி ஆட்கள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே என்னை முறைக்கிறார்கள். நானோ செருப்பைக் கழற்றிவிட்டு, இருமலை விழுங்கிக்கொண்டு பூனை மாதிரி நடமாடினேன். போன செவ்வாய்க்கிழமை சும்மா டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா. அந்த இணைப்பில் நான் மாட்டிய ரப்பர் வாஷர் அரை அரிசி அளவுக்கு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறது. அன்னைக்குச் சரியான சைஸ் கைவசம் இல்லை, இதுவே போதும்னு அமுக்கிட்டேன்.

நேற்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"மாடல் தப்பு சித்தப்பா. வெள்ளிக்கிழமை பேராசிரியர்கிட்ட சொல்லிட்டு ஊருக்கே போயிடறேன்" என்றாள்.

டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு வந்துவிட்டேன். மூணு வருஷம் அண்ணா, என் கையால கெட்டுப்போச்சு. சொன்னா வேலை போகும், போகட்டும். அவ என்னைப் பார்க்கிற பார்வை மாறிடுமே, அதுதான் பயம். சின்ன வயசில் நான் உடைத்ததையெல்லாம் அப்பாவிடம் நீங்கள்தானே போய்ச் சொன்னீர்கள்? இதையும் வந்து சொல்லிவிடுங்கள், வியாழனுக்குள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் நிழலில் ஒளியும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனசு கேட்காமல் வாஷரை மாற்றிவிட்டேன். நூல் கடைசிவரை நேராகப் போனது. மாடல் சொன்னது சரி, அவள் ஊருக்கு வரப் போவதில்லை. கண் கலங்கி, "என்ன பண்ணீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. "கண்ணாடியைத் துணியால துடைச்சேம்மா" என்று சொல்லிவிட்டேன். துடைத்தால் ஏன் நேராகிறது என்று இப்போதே நான்கு பக்கம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை பேராசிரியர் முன்னால் துடைக்காமல் ஓட்டிக் காட்டப் போகிறாளாம். அப்போது கலைய வேண்டுமே அண்ணா? பழைய வாஷர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் கிளம்புங்கள். வாஷரைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது, இனி துணியைப் பற்றியும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.