இருபது மீட்டர் ஒயர்

உலகத்தில் 'பார்த்துட்டு வாங்குவோம்' என்று ஒரு இனம் உண்டு. பார்ப்பார்கள். வாங்க மாட்டார்கள். அதில் ஒருவனை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். அவன் சட்டை எனக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவனுடைய தங்கை பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆடும் ஆறு பெண்களில் ஒருத்தி. எந்த வீட்டில் ஒத்திகையோ அந்த வீட்டுப் பெண்தான் நடுவில் ஆடுவாள். அது அவர்களின் எழுதாத சட்டம். "எங்க வீட்லதான். அண்ணன் பாட்டுப் பெட்டி வாங்கப் போறான்" என்று தங்கை சொல்லிவிட்டாள். ஒத்திகை தொடங்க ஒரு மாதம் இருந்தது.

அண்ணன் ஆராய்ச்சியில் இறங்கினான். பாட்டை எடுக்க ஒரு பெட்டி, ஒலியைப் பெருக்க ஒரு பெட்டி, ரேடியோவுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்குவதா, எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் அடக்கிய ரிசீவரை வாங்குவதா? தனித்தனி என்றால் ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். ஆனால் அலமாரியில் இடம்? ரிசீவருக்கு இடம் போதும். ஆனால் அது படுத்தால் எல்லாம் சேர்ந்து படுக்கும். திங்கட்கிழமை தனித்தனிக் கட்சி, புதன்கிழமை ரிசீவர் கட்சி, வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் விற்பனையாளருக்கே இரண்டு மணி நேரம் பாடம். மூன்றாவது வெள்ளி இவன் தலையைக் கண்டதும் அவர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்போது மணி பத்தரை.

கடைசியில் ஒன்றை வாங்கியே விட்டான். ஸ்பீக்கர் ஒயர், இருபது மீட்டர். எது முடிவானாலும் ஒயர் வேண்டுமல்லவா? கூடத்தின் கதவுக்கு மேலாக, அளந்து அளந்து ஆணியடித்து ஓட்டினான். இந்த முனையில் ஒன்றுமில்லை. அந்த முனையிலும் ஒன்றுமில்லை. நடுவில் அம்மா கைத்துண்டைக் காயப்போட்டாள். அப்பா அண்ணாந்து பார்த்து, "இதுல பாட்டு எந்தப் பக்கமா வரும்பா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒத்திகையின் முதல் சனிக்கிழமை மற்ற ஐந்து பெண்களும் வந்து நின்றார்கள். அண்ணன் இரண்டு வகைகளின் நிறைகுறைகளை விளக்கத் தொடங்கினான். "எங்க வீட்ல பெட்டி ஏற்கெனவே இருக்கு" என்றாள் பல் மருத்துவரின் மகள், ஒயரைப் பார்த்தபடி. தங்கையின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று சமையலறைக்குள் போனவள் ஒரு எவர்சில்வர் குண்டானோடு வந்தாள். போனில் பாட்டைப் போட்டு அதற்குள் வைத்தாள். கூடமே கணீரென்றது.

"பேஸ் சத்தம் கொஞ்சம் கம்மி" என்றான் அண்ணன். யாரும் திரும்பவில்லை; ஆட ஆரம்பித்திருந்தார்கள்.

விழாவில் அவள்தான் நடுவில் ஆடினாள். வீட்டுக்கு வந்ததும் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணனிடம் அன்பாகவே சொன்னாள்: "இனிமே அவசரம் இல்லண்ணா. நிதானமா பாரு."

அவனுக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்தபடி அந்தக் குண்டானைக் கையில் எடுத்தான். உருட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். போன் வேறு, குண்டான் வேறு. அப்படியானால் இது தனித்தனி வகையில்தானே சேரும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் நாலு வருஷமாக ஒன்றையும் தாங்காமல் நிற்கிறதே ஓர் ஆணி, அதை எதற்காக அடித்தீர்கள்?