விசைக்கிளிக்கு ஒரு ஸ்பான்சர்

அன்று காலையிலிருந்தே சேதுமாதவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தோஹா நஜ்மாவில் இருக்கிற அந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தே ஒரு மைல் தூரம் போயிருப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயிலைத் திறப்பார். ஒன்றும் வந்திருக்காது. மூடுவார். மூடின நேரம் பார்த்து வந்திருக்குமோ என்று மறுபடியும் திறப்பார்.

சங்கதி இதுதான். ஆபீஸில் அவர் நெட்வொர்க் மேனேஜர். வீட்டில் விசைக்கிளிக்கு அப்பா. விசைக்கிளி என்பது கம்ப்யூட்டரில் தமிழ் தட்டுகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பன்னிரண்டு வருஷமாக அதை எழுதி, ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி பேக்கேஜாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். கட்டுகிற வேலைக்கென்றே படுக்கையறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி. ஒரு தடவை கட்டப் பதினோரு மணி நேரம் பிடிக்கும். அது ஓடும்போது வாஷிங் மெஷினைப் போட்டால் ட்ரிப் ஆகும், ஏசி நின்றுவிடும். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.

போன சனிக்கிழமை அவர் மனைவி ஜெயலட்சுமி வாஷிங் மெஷினைப் போட்டாள். பெட்டி பத்தாவது மணி நேரத்தில் இருந்தது.

"முப்பதாம் தேதிக்குள்ள புதுப் பதிப்பு போகலைன்னா விசைக்கிளியை இனாம் மென்பொருள் பட்டியல்லருந்தே தூக்கிடுவாங்க, ஜெயா. பன்னிரண்டு வருஷ உழைப்பு."

"மூணு நாள் துணி கிடக்கு. அது யார் உழைப்பு?"

"ஊருக்கெல்லாம் இனாமாக் குடுக்கற காரியம்டி."

"நானும் இந்த வீட்டுக்கு இனாமாத்தான் துவைக்கிறேன்."

"சொன்னாக் கேளு. இந்த நாட்டுல நான்தான் உனக்கு ஸ்பான்சர்."

இது சேதுவின் பிரம்மாஸ்திரம். மனைவியின் விசா புருஷன் பேரில் இருக்கிறதல்லவா, வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவார். ஜெயலட்சுமி துணிக்கூடையை எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி பால்கனிக்குப் போகிறது என்று மட்டும் சொன்னாள். அந்த வெயிலில் பால்கனியில் பெட்டி அரை நாள் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

சேது பதறிப்போய்த் தேடினார். இந்த மாதிரி இனாம் மென்பொருள்களுக்கு சர்வர் தானம் செய்கிற ஓர் அமைப்பு ஐரோப்பாவில் இருந்தது. ஒரு ஃபார்ம் நிரப்பினால் போதும். முதல் கட்டத்திலேயே கை நின்றுவிட்டது. 'பொறுப்பாளரின் சொந்தப் பெயர்' என்று கேட்டிருந்தார்கள். வெளிவேலை எதிலும் பேர் வரக்கூடாது என்பது கம்பெனி காண்ட்ராக்ட். இத்தனை நாளும் 'கிளி' என்ற புனைபெயரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். எச்.ஆரிடம் அனுமதிக் கடிதம் கேட்டால், அது வருவதற்குள் இந்த முப்பதும் போய் அடுத்த முப்பதும் போய்விடும்.

கீழே மளிகைக்கடை வைத்திருக்கிற மீராசா வழி சொன்னார். காயல்பட்டினத்துக்காரர், கத்தாரில் முப்பது வருஷம். அந்த ஊர் வழக்கப்படி சேதுவுக்கு அவர் 'காக்கா', அதாவது அண்ணன்.

"என் கடை லைசென்ஸ்ல யாரு பேரு இருக்கு, தம்பி?"

"உங்க கபீல், அந்த அரபி ஸ்பான்சர் பேரு."

"கடை நடத்துறது?"

"நீங்க."

"அவ்வளவுதான். நம்பிக்கையான ஆளு பேரைப் போடு. காட்டுன இடத்துல கையெழுத்து, கலாஸ், வேலை முடிஞ்சுது."

நம்பிக்கையான ஆள் வீட்டிலேயே இருக்க வெளியே ஏன் அலைய வேண்டும்? சேது இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். பொறுப்பாளர், ஜெயலட்சுமி. மெயில், அவளுடையது. அனுபவம் என்ற கட்டத்தில், கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஐந்து வருஷம் மென்பொருள் சோதனை வேலை பார்த்ததை எழுதினார். ஃபார்மிலேயே அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. உதவியாளர் கட்டத்தில் 'கிளி' என்று போட்டு அனுப்பிவிட்டார்.

"ஜெயா, உன் பேர்ல ஒரு ஃபார்ம் போட்டிருக்கேன்."

"எனக்கு என்ன வேலை அதுல?"

"ஒரு வேலையும் இல்ல. நீ சும்மா கபீல்."

"சும்மாவா?"

"பேருக்குத்தான். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே கிடையாது. மனுஷர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

இதோ வியாழக்கிழமை. விடிந்தால் பெட்டிக்கு வெயில். மணி நாலுக்கு, நூறாவது தரமாகவோ என்னவோ மெயிலைத் திறந்தபோது ஜெயலட்சுமி டீயோடு வந்தாள்.

"காலையிலேருந்து என்னத்தைத் தேடுறீங்க?"

"சர்வர்காரன் மெயில். இன்னும் வரலை."

"யார் மெயில்ல தேடுறீங்க?"

"என்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

"எனக்குத் திங்கக்கிழமையே வந்தாச்சு. நாலு கேள்வி கேட்டிருந்தாங்க. பதில் எழுதினேன்."

சேது எழுந்து நின்றார். "என்ன கேட்டாங்க?"

"சோதிக்கறது யாருன்னு கேட்டாங்க. ஒவ்வொரு பதிப்பும் எங்க தொங்குது, எங்க சொதப்புதுன்னு சாப்பிடறப்போ உங்ககிட்ட யாரு சொல்றது?"

"நீதான்."

"அதை எழுதினேன். சர்வர் சாவி யாருக்கு அனுப்பட்டும்னாங்க. பொறுப்பாளருக்குன்னு எழுதினேன். நேத்து வந்துடுச்சு. உங்க பதினோரு மணி நேர வேலையை ஓட்டிப் பாத்தேன், இருபது நிமிஷம்தான். துணியும் துவைச்சேன், ட்ரிப் ஆகலை."

"பாஸ்வேர்டைக் குடு, ஜெயா."

"அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதாம். ரூல்ஸ்."

சேது பால்கனிக்கு ஓடிப்போய் மீராசாவுக்குப் போன் போட்டார். "காக்கா, உங்க கபீல் என்னிக்காவது கடைச் சாவியைக் கேட்டிருக்காரா?"

"அவருக்குப் பருப்புக்கும் பயறுக்கும் வித்தியாசம் தெரியாது, தம்பி. அப்படி ஆளாப் பாத்துல்ல பேரைப் போடணும். நீ யாரைப் போட்ட?"

சேது போனை வைத்துவிட்டார். உள்ளே வந்தபோது குரல் இறங்கிப்போயிருந்தது. "முப்பதாம் தேதிக்கு விசைக்கிளி போயிடுமில்ல?"

"போகாம? நானும் அதுலதானே தமிழ் தட்டுறேன். நீங்க அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. உங்களுக்குத் தனிக் கணக்கு திறந்து வெச்சிருக்கேன், பாருங்க."

சேதுவுக்கு உயிர் வந்தது. லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நுழைந்ததும் தெரியும்படி அவளே தட்டி வைத்திருந்த வரவேற்பு, அழகான தமிழில், விசைக்கிளியிலேயே தட்டப்பட்டு, ஒரு பிழை இல்லாமல் வந்து நின்றது:

'பயனர்: கிளி. விசா வகை: குடும்ப விசா. ஸ்பான்சர்: ஜெயலட்சுமி. புதுப்பித்தல்: வாராவாரம், துணி துவைத்துக் காயப்போட்ட பின்.'