கேட் ஃபைவ் ஒயரில் வந்த அப்பா

நான் பயப்படுகிற ஆள் கிடையாது. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தள்ளுவண்டியில் இளநீர் விற்று, அடி அண்ணாமலையில் லாட்ஜ் கட்டியவன். (இன்ஜினியர் எல்லாம் கிடையாது. பிளான் என் மண்டையில்.) அப்பேர்ப்பட்டவனை ஒரு ஒயர் நடுங்க வைத்தது.

லாட்ஜ் மாடிப்படியில் கேமரா மாட்டும்போதே, பக்கத்து வேங்கிக்காலில் இருக்கும் மகள் மஞ்சுளா, கம்ப்யூட்டர் படித்தவள், சொன்னாள். "அப்பா, நெட் கேபிள்ல ரகம் இருக்குது. கேட் ஃபைவ் பழசு. கேட் சிக்ஸ் வாங்குங்க, உள்ள கம்பிங்க முறுக்கு ஜாஸ்தி, பக்கத்து கரண்ட் தொந்தரவைத் தாங்கும். எதுவானாலும் கரண்ட் ஒயர் போற பைப்புல மட்டும் விட்டுடாதீங்க."

"அஞ்சுக்கும் ஆறுக்கும் ஒண்ணுதானேம்மா வித்தியாசம்? ஒயருன்னா ஒயருதான். எனக்கேவா?"

மூடிப்போன ஒரு ஆபீசின் பழைய கேட் ஃபைவ் சுருளைக் கொண்டுவந்து, மோட்டார் ஒயர் போகும் பைப்பிலேயே நானே திணித்தேன். பெருமையாக மீசையையும் தடவிக்கொண்டேன்.

பௌர்ணமி நெருங்கிய ஒரு மத்தியானம். மலையிலிருந்து மேகம் இறங்கி, தெருவே சாம்பல் பூசினது மாதிரி இருந்தது. மாடிப்படி உச்சியில் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். கேமரா படம் ஓடும் டிவியில் பார்த்தால், மேல்படியில் ஒருத்தர். முதுகைக் காட்டிக்கொண்டு, கூன் விழுந்து, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி. அசையவே இல்லை. பின்மண்டை முழு வழுக்கை.

மேலே ஓடினேன். யாருமில்லை. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கீழே வந்தேன். டிவியில் அப்படியே நிற்கிறார்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க... உங்கப்பா."

அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. தொட்டி நிரம்பி மோட்டார் நின்றது. அவரும் மறைந்துபோனார்.

மறுநாளும் வந்தார். மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்த வருஷம் திதியை மறந்தீங்கல்ல? பௌர்ணமிக்கு லாட்ஜைத் திறக்காதீங்க. வர்ற ஜனம் இதைப் பார்த்துச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் தங்க மாட்டாங்க."

எங்கள் லாட்ஜுக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம்தான் சோறு. மூடினால் ஏன் மூடினான் என்று ஊர் கேட்கும், திறந்தால் அப்பா நிற்பார். அதனால் மேல்படியிலேயே படையல் வைத்தேன். வாழை இலை, அவருக்குப் பிடித்த வடை, கேசரி, ஒரு கட்டு பீடி. ஒரு கையால் சுவிட்சைத் தட்டிக்கொண்டே குனிந்து கடைசி வடையை வைத்தேன். (படையல் ஒரு பக்கம் இருக்கட்டும், ரூம்காரங்களுக்குத் தண்ணி வேணுமே.)

இறங்கி வருவதற்குள் மனைவி அலறினாள். டிவியில் அப்பா இலைமேல் குனிந்திருக்கிறார்!

மறுபடி மேலே ஓடினேன். இலை காலி. துடைத்து வைத்தது மாதிரி.

போன் பண்ணியதும் மோட்டார் நிற்பதற்குள் வந்து சேர்ந்த மஞ்சுளா, டிவியை உற்றுப் பார்த்தாள். "படத்து மூலையில நேரம் காட்டுற நம்பர் ஓடலை பாருங்க. மோட்டார் ஓடினா இந்த ஒயர்ல படம் வர முடியாம, கடைசியா வந்தது அப்படியே நின்னுடுது. அது தாத்தா இல்லப்பா. நீங்க."

"எனக்கு ஏதுடி வழுக்கை?"

பின்னால் வந்து, செல்போனில் என் மண்டையைப் படம் பிடித்துக் காட்டினாள். வெகுநேரம் பார்த்தேன். அப்பாவேதான்.

கேட் சிக்ஸ் தனிப் பைப்பில் போனது. பௌர்ணமிக்கு லாட்ஜ் நிரம்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு திதிக்கும் மனைவி கரண்டியோடு வந்து நிற்பாள். "ஏங்க, மேல படைக்கவா, இல்ல நேரா உங்க தட்டுலயே போட்டுடவா?"

வீடே சிரிக்கும். வடையைக் குரங்கு தின்றிருக்கும் என்பாள் மஞ்சுளா. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பீடிக்கட்டை எது எடுத்துப் போனது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.