ஊதிக் காயவைத்த வெல்டிங்

பயந்த ஆளிடம் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினால் போதும், ஊரையே மூடச் சொல்லிவிடுவார். நான் ஒரு அரிசி மில்லை மூடச் சொன்னேன்.

ஓட்டமாவடிப் பக்கம் ஒரு பழைய மில். பொயிலரிலிருந்து நெல் அவிக்கிற தொட்டிக்குப் போகும் ஆவிக் குழாய்க்கு என்னைவிட வயது கூட. அதன் வெல்டிங்குகளை நான் தனியாகச் சோதித்த முதல் நாள் அது. நான் கையெழுத்து வைத்தால்தான் பொயிலருக்கு நெருப்பு. தொட்டியில் நெல் ஊறிக் கிடந்தது, பிந்தினால் புளித்துவிடும். பிழையாகக் கையெழுத்து வைத்தாலோ, குழாய் வெடித்து, அதற்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற பொயிலர்காரர் மீராக் காக்கா அவிந்துபோவார்.

வேலை என்னவோ இலேசுதான். வெல்டிங்கில் சிவப்பு மை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடிக்க வேண்டும். வெடிப்புக்குள் போன சிவப்பு, வெள்ளையில் ஊறிக் காட்டிக்கொடுக்கும். ஐந்து வெல்டிங்குக்கு அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஐந்திலும் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்!

"முழுக்க ஓட்டை! நெருப்புப் போடக் கூடாது!" கத்தியே விட்டேன்.

முதலாளி தலையில் கைவைத்தார். "யா அல்லாஹ்! நெல்லு நாறிப் போகுமே மிஸ்!"

ஆறாவதுக்கு, வளைவில் இருந்ததற்கு, வெள்ளை அடித்தேன். மெல்ல ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. "கெதியாக் காயட்டும் மிஸ்" என்று, வாய் நிறைய வெற்றிலையோடு மீராக் காக்கா குனிந்து 'பூ... பூ...' என்று ஊதினார். என் கண் முன்னாலேயே கோட்டைச் சுற்றிப் புள்ளிகள் முளைத்தன.

"காக்கா, மற்றதுக்கும் ஊதினீங்களா?"

"ஓம் புள்ள, எல்லாத்துக்கும்தான்! நீங்க பாவம், வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்டீங்க."

மில்லே சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, காக்காவைத் தூர நிறுத்தி, திரும்ப அடித்தேன். ஐந்தும் சுத்தம். வளைவில் மட்டும் அந்தக் கோடு மறுகாவும் வந்தது.

"இதுவும் வெத்திலைதான். கையெழுத்தை வையுங்க மிஸ்," என்றார் முதலாளி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வெத்திலை புள்ளிதான் போடும் முதலாளி, கோடு போடாது. நான் வைக்க மாட்டன்."

திட்டிக்கொண்டே வளைவை அறுத்தார்கள். வெடிப்பு ஆழமாக ஓடி, கடதாசித் தடிப்புக்குத்தான் இரும்பு மிச்சம் இருந்தது. காக்கா அந்தத் துண்டைப் பார்த்தார், தன் கதிரையைப் பார்த்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நெல் புளித்துத்தான் போனது.

இப்போது வீட்டில் நான் எதைக் குறை சொன்னாலும், புட்டில் உப்புக் கூடிப்போச்சு என்றால்கூட, "ஆர் ஊதினது?" என்று கேட்கிறார் கணவர். அந்தக் கதையை அவருக்குச் சொன்னது நானில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த மீராக் காக்கா, நிறைந்த சபையில், ஊதியும் காட்டிச் சொன்னார். வெட்கத்தில் தலை குனிந்தாலும் நானும் சிரித்தேன், சொல்ல ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று.